கதிரையிலிருந்து ஐந்து தடவை: கொழும்பில் வயதான பெற்றோரைப் பராமரிக்கத் தொடங்குபவர்களுக்கு

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. காலையில் கட்டிலை விட்டு எழும்பவே நெடுநேரம் எடுத்தார். கேட்டால் "நாரி பிடித்துவிட்டது" என்றார், பனடோல் கொடுத்தேன். சாப்பாடு குறைந்தது, சத்துமா வாங்கி வந்தேன். பின்னேரங்களில் யன்னலோரம் பேசாமல் இருந்தார். ஊர் நினைவு, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றையும் மூன்று தனிக் குறைகளாகப் பார்த்து ஏறத்தாழ ஒரு வருடத்தை வீணாக்கினேன். நான் வீணாக்கிய அந்த வருடத்தை நீங்கள் வீணாக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நோ, மனச்சோர்வு, உடல் நலிவு மூன்றும் ஒரே முடிச்சு. நோகிற கால் நடக்க மறுக்கும். நடக்காத காலில் தசை கரையும். தசை கரைந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். பயம் வந்தால் கோயிலும் இல்லை, சந்தையும் இல்லை, பேச ஆளும் இல்லை. மனம் சோர்ந்த உடம்புக்குப் பசியும் நித்திரையும் குறையும். நித்திரையில்லாத உடம்புக்கு அதே நோ இரண்டு மடங்காகத் தெரியும். வலியைக் கட்டுப்படுத்த மூளை பயன்படுத்தும் வேதிப்பொருட்களில் சில மனநிலையையும் ஆள்பவை என்பதால், இந்தத் தொடர்பு வெறும் பேச்சுக்குச் சொல்வதன்று. நல்ல செய்தி என்னவென்றால், முடிச்சின் எந்த முனையை இழுத்தாலும் மற்றவை கொஞ்சம் நெகிழும். "வயது போனால் இப்படித்தான்" என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

முதல் வாரம்: ஒரு கொப்பி, ஒரு பேனா

மருந்து வாங்க ஓடுவதற்கு முன் ஏழு நாள் கவனியுங்கள். எத்தனை மணிக்கு விழிக்கிறார், எந்த நேரத்தில் நோகிறது, எதைச் செய்யும்போது முகம் சுளிக்கிறார், தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார், எந்த வேலையைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டார் என்று எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். என் அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தியிருந்தார். தோளை உயர்த்த முடியாததால் நிறுத்தியதை, ஆர்வமில்லாமல் விட்டுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பயன்படுத்தும் சொல்லை அப்படியே எழுதுங்கள். உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு என்று எங்கள் முதியவர்கள் பிரித்துச் சொல்லும் நுணுக்கம் வைத்தியருக்குப் பெரிய உதவி. பாதத்தில் எரிவு என்றால், நீரிழிவு உள்ளவருக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். காலையில் விறைத்து, அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும் முழங்கால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் இளகாமல் மூட்டு வீங்கியும் இருந்தால் அது வேறு வகை வாதம், வேறு வைத்தியம். "சும்மா நோகிறது" என்று சுருக்கி எழுதினால் இவை எல்லாம் தொலைந்துபோகும்.

கேட்டால் "ஒன்றுமில்லை, நீ வேலைக்குப் போ" என்பார். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற பயம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஆகவே "நோகிறதா?" என்று கேட்காமல், "நேற்று இரவு எத்தனை தடவை எழும்பினீர்கள், படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். பதில் வரும்.

இரண்டாவது: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

நலிவு என்பது வெறும் மெலிவோ முதுமையோ அன்று. 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயற்சியில்லாமல் எடை குறைவது, எந்நேரமும் களைப்பு, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, உடல் அசைவு அருகுவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று பொருள். வாசலில் நிற்பவரைத் திருப்பிக் கூட்டிவர முடியும். அதனால்தான் இப்போதே அளக்கச் சொல்கிறேன்.

சுவரோடு ஒட்டி ஒரு கதிரையைப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் எடுத்தாலோ, கையை ஊன்றாமல் எழும்ப முடியாவிட்டாலோ கால் வலு குறைந்திருக்கிறது. பிறகு தொடர்மாடியின் நடைவழியில் 4 மீற்றருக்கு இரண்டு கோடு போட்டு, வழமையான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு மேல் எடுத்தால் நடை மெதுவாகிவிட்டது. எடையையும் எழுதுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரு வருடத்துக்குள், தானாக முயலாமல், இரண்டரைக் கிலோ குறைந்திருந்தால் அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. பழைய எடை தெரியாவிட்டால் சட்டை கழன்று தொங்குகிறதா, மோதிரம் நழுவுகிறதா என்று பாருங்கள்.

தேதியோடு எழுதுங்கள். அம்மாவின் கொப்பியின் முதல் பக்கத்தில் கதிரைக்கு 23 விநாடி என்று இருக்கிறது.

மனதைக் கேட்பது

இந்த இடத்தில்தான் பலர் தயங்குகிறோம். நானும் தயங்கினேன்.

"மனச்சோர்வாக இருக்கிறதா" என்று கேட்டால் எழுபது வயதுக்காரர் எவரும் ஆம் என்று சொல்லமாட்டார். "ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை", "நெஞ்சு பாரமாக இருக்கிறது", "உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருக்கிறது", "இனி எனக்கு என்ன இருக்கிறது" என்றுதான் வரும். வயதானவர்களில் மனச்சோர்வு கண்ணீராக வருவதைவிடத் தீராத உடல் நோவாக, பசியின்மையாக, எரிச்சலாக, மறதியாக வருவதே அதிகம். மறதி நோய் என்று பயந்து கூட்டிப்போன சிலருக்கு மனச்சோர்வைக் கவனித்ததும் நினைவு தெளிந்திருக்கிறது.

இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமோ சந்தோஷமோ குறைந்துவிட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வைத்தியரிடம் போவதற்கு அது போதிய காரணம். நேருக்கு நேர் இருந்து கேட்காதீர்கள். கீரை ஆய்ந்துகொண்டோ, பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டோ கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி கடினமானது. ஆனால் கேட்டே ஆக வேண்டியது. "உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றியிருக்கிறதா? உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்டதும் பாரம் இறங்கியதுபோல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் அன்றைக்கே உதவி தேடுங்கள். தனியே விடாதீர்கள், குளிசைகளை உங்கள் அலுமாரியில் பூட்டி வையுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். ஆபத்து உடனடியாக இருந்தால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் விட்டுவந்தது ஒரு வீட்டை மட்டுமன்று. முற்றத்தை, கிணற்றடியை, வேலிக்கு மேலால் பேசும் அயலவரை, பெயர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரரை. பலர் போரில் இழந்தவர்களைப் பற்றி இன்னும் வாய்திறக்கவில்லை. ஐந்தாம் மாடியில் பகல் முழுவதும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும்போது அந்தத் துக்கத்துக்கு வேறு வேலை இல்லை. சோர்வுக்குக் காரணம் புரிகிறது என்பதற்காக அதற்கு வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது.

மருந்துப் பையைக் கொட்டுங்கள்

வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு மேசையில் கொட்டுங்கள்: கிளினிக்கில் தந்தவை, தனியார் வைத்தியர் எழுதியவை, பாமசியில் கேட்டு வாங்கியவை, லண்டனிலிருந்து அண்ணன் அனுப்பியவை. ஒரே மருந்து இரண்டு வெவ்வேறு பெயர்களில் இருப்பதை நீங்களே காண்பீர்கள். பனடோலில் இருக்கும் பரசிட்டமோல் அப்படித்தான் அடிக்கடி இரட்டிக்கும். தடிமன் குளிசைகளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டு என்பது ஆரோக்கியமான பெரியவருக்கான உச்ச எல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும், ஈரல் நோயுள்ளவருக்கும், சரியாகச் சாப்பிடாதவருக்கும் வைத்தியர் அதைக் குறைப்பார்.

நான் மிகவும் அஞ்சுவது டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகளைத்தான். "நல்லாய்க் கேட்கும்" என்று அயலவர் சொல்லி வாங்கும் குளிசைகள் பெரும்பாலும் இவைதான். வயிற்றில் இரத்தக் கசிவு, இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வயதானவர்களுக்கு இவற்றால் எளிதில் வரும். லொசார்டன் போன்ற அழுத்த மருந்தும், சிறுநீர் போக வைக்கும் குளிசையும் எடுப்பவர் இவற்றையும் சேர்த்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே அடிபடலாம். வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதேபோல நித்திரைக் குளிசையும், தடிமனுக்கு வாங்கும் குளோர்பெனிரமினும் முதியவரைத் தள்ளாடவும் குழம்பவும் வைக்கும். ஆனால் நெடுநாள் எடுத்துவந்த நித்திரைக் குளிசையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வைத்தியரிடம் போகும் நாள்

முதலில் அம்மாவை அறிந்த ஒரு குடும்ப வைத்தியர் வேண்டும். முழங்காலுக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், நித்திரைக்கு ஒருவர் என்று நிபுணர்களுக்குப் பணம் கட்டி ஓடினால் மூவரும் எழுதிய மருந்துகளை ஒன்றாகப் பார்க்க ஆளில்லாமல் போய்விடும். தனியாருக்கு வசதியில்லாவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் இலவசம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவருக்குக் களுபோவிலை கிட்ட. கொட்டாஞ்சேனைப் பக்கத்தவருக்குத் தேசிய வைத்தியசாலை கிட்ட. மனநலப் பிரிவுகள் பெரிய பொது வைத்தியசாலைகளிலேயே இருக்கின்றன; மனநலம் என்றாலே அங்கொடை மனநல வைத்தியசாலைதான் என்று நினைத்து ஒளிய வேண்டாம். வெள்ளெனப் போங்கள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், கிளினிக் கொப்பி, மருந்துப் பை, உங்கள் கொப்பி ஐந்தையும் கொண்டுபோங்கள்.

மொழிபெயர்ப்பில் கவனம் தேவை. கொழும்பில் பல இடங்களில் பேச்சு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். பிள்ளைதான் நடுவில் நிற்பார். "நெஞ்சுக்குள் ஏதோ உருளுகிறது, விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பயமாக இருக்கிறது" என்று அம்மா சொன்னதை நான் ஒரு தடவை "வாயுத்தொல்லை" என்று மொழிபெயர்த்தேன். வைத்தியரும் அதற்குக் குளிசை எழுதினார். பிழை என்னுடையது. சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். சுருக்குவதும் விளக்குவதும் நம் வேலையன்று. வைத்தியருக்குத் தமிழ் தெரிந்தால் சில நிமிடம் நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். பிள்ளைக்கு முன்னால் சொல்லாத ஒன்று அப்போது வரும்.

இரத்தசோகை, தைரொயிட், சீனி, சிறுநீரகம், இரத்தத்தில் உப்பு (சோடியம்), விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நீரிழிவுக்கு மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். அந்தக் குறைவு களைப்பு, கால் எரிவு, மனச்சோர்வு மூன்றையும் தரக்கூடியது. கண்ணையும் காதையும் பல்லையும் மறக்க வேண்டாம். பொய்ப்பல் தளர்ந்து ஈறு நோவதால் சாப்பிடாதிருப்பவருக்குச் சத்துமா எதற்கு?

மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால் பயப்படாதீர்கள். பலன் தெரிய நான்கு வாரமாவது ஆகும், முதியவருக்கு இன்னும் கூடலாம். பத்தாம் நாள் "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். தொடக்கத்தில் இரத்தத்தில் உப்பு குறையக்கூடும். புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் உடனே தெரிவியுங்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசையும் சேர்ந்தால் இரத்தக் கசிவு ஆபத்து கூடும். அதையும் வைத்தியருக்கு நினைவூட்டுங்கள். மருந்தோடு பேச்சு வழிச் சிகிச்சையும் கேட்டுப் பாருங்கள்; தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் கிடைத்தால் விடாதீர்கள்.

நோவோடு நடப்பது

"நோகிறது, அசைய வேண்டாம், படுங்கள்" என்று பாசத்தில் சொல்வதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. பத்தே நாளில். முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சிதான் முதல் வைத்தியம். தேய்ந்த மூட்டைச் சுற்றியுள்ள தசை அதற்கு முட்டுக்கொடுக்கும். பயிற்சியின்போது கொஞ்சம் உளைவது இயல்பு. மறுநாளும் அந்த உளைவு குறையாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முழங்காலுக்குப் பூசும் டைக்ளோபெனாக் களிம்பு குளிசையைவிட உடம்புக்குள் மிகக் குறைவாகவே போகும். வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். தைலம் பூசுவதில் தவறில்லை, தடவும் கையே பாதி மருந்து. ஆனால் தைலத்துக்கு மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், தோல் வெந்துவிடும். உணர்ச்சி குறைந்த நீரிழிவுப் பாதத்துக்கு எந்தச் சூடும் வேண்டாம்.

பயிற்சிக்கு அந்தக் கதிரையே போதும். காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை எழும்பி இருக்க வேண்டும், முதலில் கையூன்றலாம். பிறகு சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கல் பத்து. ஒரு காலில் சில விநாடி நிற்றல், மேடையை விடாமல். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடைக்கு மரைன் டிரைவ் நல்லது, வெயில் தாழ்ந்த பிறகு. காலி வீதி நடைபாதையில் கூட்டிப்போகாதீர்கள்; மேடு பள்ளமும் நெரிசலும் அவரைப் பயமுறுத்தி மறுநாள் வரவிடாமல் செய்துவிடும்.

சாப்பாட்டில் புரதம். முதியவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. 50 கிலோ என்றால் 50 முதல் 60 கிராம். இடியப்பமும் சொதியும், பாணும் சம்பலும், இரவில் பிட்டும் வாழைப்பழமும் என்று ஓடும் நாளில் இது பாதிகூட வராது. காலையில் ஒரு முட்டை, அதில் 6 கிராம். மதியம் மீன் துண்டை நீங்கள் ஒதுக்கிவைத்து அவருக்குப் பெரிய துண்டைப் போடுங்கள். அம்மாமார் எப்போதும் வாலைத்தான் எடுப்பார்கள். மரக்கறிக்காரர் என்றால் அவித்த கௌபி, பயறு, கெட்டிப் பருப்பு, தயிர், சோயா. சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் குளியலறைதான் எதிரி. வழுக்காத விரிப்பு, சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடி, இரவு விளக்கு. துவாய் போடும் கம்பி கைப்பிடி ஆகாது, அது கழன்று வரும். கட்டிலருகே ஒரு டோர்ச் வையுங்கள்.

பகலை நிரப்புவது

மனம் தெளிந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. வெளியே போனால் தான் தெளியும். சிறிதாக, நாள் குறித்து, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயில் அல்லது பம்பலப்பிட்டிக் கதிரேசன், ஞாயிறு பூசை என்றால் கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே நூலகமும் உண்டு. அப்பாமாருக்குப் பத்திரிகை விரித்துப் பேச அது நல்ல இடம். ஓட்டோ பிடித்துப் போய்வாருங்கள். அந்தச் செலவை மருந்துச் செலவு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவருக்கு ஒரு பொறுப்பு இருக்கட்டும். "நீங்கள் இருங்கள் அம்மா, நான் செய்கிறேன்" என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் அவர் விருந்தாளியாகிவிடுவார். வெங்காயம் உரிப்பது, யன்னல் மேடையில் கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் விடுவது, பேத்திக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பது எதுவானாலும் சரி. வெளிநாட்டிலுள்ள சகோதரர்களிடம், அழைக்கும்போது "சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா" என்பதோடு நிறுத்தாமல் ஒரு புளிக்கறியின் பக்குவத்தைக் கேட்கச் சொல்லுங்கள். என் தங்கை அப்படிக் கேட்ட அன்று அம்மா முக்கால் மணி நேரம் பேசினார்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

விழுந்தபின் இடுப்பில் நோ, காலை ஊன்ற முடியாமை, நாரி நோவோடு காய்ச்சல், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, கால்கள் மரத்துப்போதல், நெஞ்சு நோ, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கறுப்பாக மலம் போதல், நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுதல். இவற்றில் எதுவானாலும் உடனே வைத்தியசாலை, நள்ளிரவானாலும் 1990.

பராமரிப்பை ஒரே ஆள் சுமக்காமல், குறித்த ஒரு நாளை இன்னொருவர் ஏற்பதாகக் குடும்பத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 60 வயது கடந்தவருக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

ஆறு வாரம் கழித்து அதே கதிரையை அதே சுவரோடு போட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். எடையையும் எழுதுங்கள், அந்த இரண்டு கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். முன்னேற்றம் இல்லாவிட்டால் கொப்பியோடு வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும். அம்மாவுக்கு ஆறாம் வாரம் 19 விநாடி, நான்காம் மாதம் 16. அதற்குப் பிறகு எழுதியிருப்பவை அவருடைய கையெழுத்து.